காரைப்பாளையத்துக் குளத்தில் இரண்டு தடங்கள்

தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரை மணிக்குக் காரைப்பாளையத்துக் குளத்தில் சென்னியப்பனின் விமானம் சக்கரங்களை நீட்டியபடியே தண்ணீரில் இறங்கி, நூறடி தூரம் உழுதுகொண்டு போய், குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்ந்த விமானத்தைப் பரிசல்காரர்கள் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்த பிறகும், மத்தியானம் காற்று எழும்பிக் குளம் முழுக்க அலையடித்த பிறகும், மறுநாள் விடிந்து மாடு குளிப்பாட்ட ஆட்கள் வந்த பிறகும், அந்த இரண்டு சக்கரங்களின் தடம் தண்ணீரில் அப்படியே கிடந்தது. மழை பெய்த களிமண் பாதையில் லாரி போனால் எப்படி இருக்குமோ அப்படி, இரண்டு பக்கமும் வரப்புக் கட்டி, அடியில் டயர்ப் பூவின் அச்சுகூடக் கலையாமல் இருந்தது. தடம் முடிகிற இடத்தில் விமானம் மூக்குக் குத்திய குழி ஒன்று, ஆள் உட்கார்ந்தால் தோள் மறைகிற ஆழத்தில். மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் பார்த்தார்கள். "தண்ணி இன்னும் மூடுலீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். "மூடிக்கும், உடு" என்றார் இன்னொருத்தர். அவரவர் மாட்டைத் தேய்த்துக் கழுவி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் மூடவில்லை. சென்னியப்பனின் மானம் போன கதை இதுதான், ஊர் அதை வேறு மாதிரி சொல்லும்.

சென்னியப்பன் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயது. ஊரிலுள்ளவர்கள் அந்த வயதில் தோட்டம் வாங்குவார்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுவார்கள். அவர் பஸ்ஸுக்கு அடிக்கிற அலுமினியத் தகட்டை எடுத்து, பஸ்ஸுக்கு அடிக்கிற ரிவிட்டையே அடித்து, தரையிலும் தண்ணீரிலும் இறங்குகிற ரெண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை ஆறு வருஷமாகக் கட்டினார். இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழனிப் பக்கம் பைபர் தண்ணித்தொட்டி செய்கிற அப்துல் லத்தீப்பும், நாகர்கோவிலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ரெஜினாவும் ஆளுக்கொன்று கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தை மாதமும் குளம் நிறைந்ததும் றெக்கைகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு காரைப்பாளையத்துக்கு வந்து, குளத்துக்கு மேற்கே கிடந்த மேய்ச்சல் தரையில் நிறுத்தி, மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்து, யாருடையது உசத்தி என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்வார்கள்.

பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். எத்தனை அடியில் தண்ணீரை விட்டு எழும்புது, அடிவயிற்றில் எத்தனை சொம்பு தண்ணீர் ஒழுகுது, அதைத் துணியால் ஒற்றி எடுக்க எத்தனை நேரம். ரெஜினா டீச்சரின் ஒட்டுப்பலகை விமானத்தில் ஒரு சொம்பு ஒழுகும். லத்தீப்புடையதில் ஒரு சொட்டும் ஒழுகாது. ஒழுகாது என்பதை அவர் நாலு தடவை சொல்வார், தொட்டிக்கு றெக்கை முளைத்தால் எப்படி ஒழுகும் என்று சென்னியப்பன் திருப்பிக் கொடுப்பார். சென்னியப்பனுடையதில் ஐந்து சொம்பு. அதனால் அவர் சொம்புப் பேச்சு வந்தால் ரிவிட்டு வரிசையின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருஷம் லத்தீப் புதிதாக ஒன்று செய்து வந்திருந்தார். பட்டனைத் தட்டினால் சக்கரம் தானாக மேலே ஏறிக்கொண்டது, இன்னொரு தட்டில் இறங்கியது. மூன்று தடவை தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு இன்னும் கண்டக்டர் வேணுமாண்ணே?" என்று கேட்டார் லத்தீப், சிரித்துக்கொண்டே.

கண்டக்டர் என்று அவர் சொன்னது தெய்வசிகாமணியை. சென்னியப்பனின் மச்சினன், மனைவி மயிலாத்தாளின் உடன்பிறந்த தம்பி. காரைப்பாளையத்திலேயே போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். சென்னியப்பனின் விமானத்தில் ரெண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு பஸ் ஜாக்கியின் கைப்பிடி உண்டு. அதை இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினால் சக்கரம் மேலே ஏறும். சுற்றுவது சிகாமணியின் வேலை. தரையில் இறங்குவதென்றால் சக்கரம் கீழே இருக்க வேண்டும், தண்ணீரில் இறங்குவதென்றால் மேலே இருக்க வேண்டும். மாறினால் தண்ணீர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடும். இந்த மாதிரி விமானம் கட்டுகிற எல்லோருக்கும் வயிற்றில் இருக்கிற ஒரே பயம் அதுதான். ஆகவே ஓட்டுகிறவர் "தூக்கியாச்சா?" என்று கேட்க வேண்டும், சுற்றுகிறவர் "தூக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்ப வேண்டும்.

இதில் இன்னொரு சட்டமும் சென்னியப்பன் போட்டிருந்தார். சிகாமணி பிறவியிலேயே மரியாதைக்காரர். நாய்க்கு வழி விடும்போதுகூட "போங்க" என்பார். மச்சானிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு "ங்க" வால்போல் வரும். தலைக்குப் பின்னால் என்ஜின் கத்துகிற இடத்தில் அந்த வால் ஆகாது என்று சென்னியப்பனுக்குப் பட்டது. "ஆகாசத்துல மரியாதை கெடையாது மாப்ளே. கீழ எறங்குனப்பறம் எத்தனை 'ங்க' வேணும்னாலும் போட்டுக்க" என்று சொல்லிவிட்டார். சிகாமணி ரொம்பக் கூச்சப்பட்டு, பழகிக்கொண்டார். மேலே போனால் "ஆச்சு." கீழே வந்தால் "ஆச்சுங்க மச்சான்."

கண்டக்டர் என்ற சொல் சென்னியப்பனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. விமானத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் சொன்னார்: "மாப்ளே, இன்னைக்கு நீ கைப்பிடியத் தொடாத. நானே சுத்திக்கறேன். இதை ஒத்தையாளா ஓட்டலாம்னு அந்தத் தொட்டிக்காரனுக்குக் காட்டோணும்." சிகாமணி ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டால் அவர் அப்படித்தான் உட்காருவார்.

மேய்ச்சல் தரையிலிருந்து எழும்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கரையில் ஊரே நின்றது. லத்தீப் நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். லத்தீப் பார்க்கிறாரா என்று சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பெரிதாகிக்கொண்டு வந்தது. அப்போது பக்கத்தில் இருந்து, பயத்தில் சட்டத்தையெல்லாம் மறந்து, சிகாமணி கேட்டார்: "தூக்கியாச்சுங்களா மச்சான்?"

சென்னியப்பனுக்கு அது நன்றாகக் கேட்டது. கேட்டு, கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தலையை ஆட்டினார். கைப்பிடியை ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்கவில்லை.

பரிசல்காரர்கள் ரெண்டு பேரையும் கரையில் கொண்டுவந்து போட்டார்கள். சென்னியப்பனுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்ததைத் தவிர ஒன்றுமில்லை. சிகாமணிக்கு வலது தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. லத்தீப் ஓடி வந்து, மூச்சு வாங்கி, முதலில் கேட்ட கேள்வி எல்லோரும் கேட்டிருக்கக்கூடியதுதான்.

"சக்கரத்தைத் தூக்கலையாண்ணே?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஆறு வருஷம், ஐந்து சொம்பு, கண்டக்டர், கரையில் நின்ற ஊர், எல்லாம் சேர்ந்து வாயில் ஒரு வார்த்தையாக வந்தது. "மாப்ள 'தூக்கியாச்சு'ன்னானே" என்றார்.

துண்டால் கையைக் கட்டிப் படுத்திருந்த சிகாமணி அண்ணாந்து பார்த்தார். தான் 'ஆச்சா' என்று கேட்டது மச்சான் காதில் 'ஆச்சு' என்று விழுந்திருக்குமோ என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஓர் எழுத்துதானே வித்தியாசம். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் தவறும்.

"அப்புடிங்களா மச்சான்?" என்றார். கட்டிய கையைப் பார்த்து, "அப்ப என்ற தப்புத்தானுங்க" என்றார்.

சென்னியப்பன் அப்போதே திருத்தியிருக்கலாம். ஆம்புலன்ஸ் வருகிற வரை முக்கால் மணி நேரம் இருந்தது.

இனித் தடத்தின் கதை. முதல் வாரம் ஊர் காத்திருந்தது. ரெண்டாவது வாரம் பொதுப்பணித்துறையிலிருந்து ஓர் இன்ஜினியர் பரிசலில் போய், டேப்பைப் பிடித்து அளந்து, 'நீளம் முப்பத்தொரு மீட்டர், அகலம் சரியாக உள்ளது, நீர் இழப்பு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். இழப்பு இல்லை என்று ஆனதும் ஊருக்குத் தைரியம் வந்தது. பரிசலைத் தடத்தில் விட்டால் துடுப்புப் போடாமலே நேராகப் போவதைக் கண்டுபிடித்தார்கள். ஜிலேபிக் கெண்டைகள் தடத்துக்குள் ரேஷன் கடை வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். வலை வேண்டியதில்லை, கூடை போதும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆளுக்கொரு தடத்தில் பரிசல் விட்டுக் குழியில் வந்து சேருவதென்று ஒரு வழக்கம் ரெண்டே முகூர்த்தத்தில் ஏற்பட்டு, மூன்றாவது முகூர்த்தத்தில் ரொம்பக் காலமாக இருக்கிற வழக்கமாகிவிட்டது. மாசியில் ஒரு நாள் மழை பெய்து குளம் ஒரு முழம் ஏறியது, தடமும் கூடவே ஏறியது. பங்குனியில் வாய்க்காலுக்கு மதகைத் திறந்தபோது தடமும் சேர்ந்து போய்விடுமோ என்று பத்துப் பேர் மதகில் காவல் நின்றார்கள். போகவில்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கு 'ரெட்டைத் தடம்' என்று பெயர் எழுதினார்கள்.

குளத்தில் தடம் நிலைத்ததுபோல ஊர் வாயில் சிகாமணியின் பெயரும் நிலைத்தது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை வைக்கும்போது, "சிகாமணிக்கு டீ ஆச்சு. குடிச்சுப் பார்த்துட்டு நம்புங்கப்பா" என்று சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரிப்பு வருகிறது என்று சொன்னார்கள். ஆனால் காயில் கட்டுகிறவனுடைய பிழைப்பே அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. மோட்டார் ஆச்சு என்று அவன் சொன்னால் நம்பித்தான் முந்நூறு அடி ஆழத்தில் இறக்குவார்கள். ஆகாததை ஆச்சு என்கிற ஆளிடம் எதற்கு வம்பு என்று ஒவ்வொருத்தராக டவுனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

சென்னியப்பனுக்கு இது தெரிந்தது. அவர் செய்த காரியத்தைச் சொன்னால் நமக்கே கூசும். பட்டறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தண்ணீர் ஊற்றிக் கருக்கி, வண்டியில் போட்டு, காரைப்பாளையத்துக்குக் கொண்டுபோய், "இது புகைஞ்சிருச்சு மாப்ளே, பாரு" என்றார். ஒன்றல்ல, அப்படி நாலு மோட்டார். சிகாமணி வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் செம்புக் கம்பியைச் சுற்றினார். தோள் ஒரு பக்கம் இறங்கியே கூடியிருந்தது.

நாலாவது மோட்டாரை எடுக்கப் போனபோது சென்னியப்பன் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "ஆச்சா மாப்ளே?"

சிகாமணி மோட்டாரைத் தன் பக்கம் திருப்பினார். ஒயரைச் சொருகினார். மோட்டார் ஓடியது. அது ஓடுவதைக் கையால் காட்டினார். அந்த வார்த்தையை அவர் வாயில் எடுப்பதையே விட்டிருந்தார் என்று அப்போதுதான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது. சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால் கழுவின கையைக் காட்டுவாராம்.

"எதுக்கும் பட்டறைக்குப் போய் ஒருக்கா ஓட்டிப் பார்த்துக்கோங்க மச்சான்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சென்னியப்பன் சாப்பிடவில்லை. மயிலாத்தாள் தட்டை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, என்ற தம்பி பார்க்காம ஒண்ணைச் சொல்ற ஆளுங்களா?" என்று கேட்டாள். அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள்ளும் அவருக்கு அந்த "ங்களா" கேட்டது. ஆச்சா என்பது ஆச்சு என்று கேட்கலாம். ஆச்சுங்களா என்பதை ஆச்சு என்று கேட்க எந்த என்ஜினாலும் முடியாது. ஆகாசத்தில் வேண்டாம் என்று அவர் வெட்டிப் போட்ட அந்த வால்தான் மச்சினனுக்கு இருந்த ஒரே சாட்சி, அதைக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

சித்திரை முதல் தேதி தடத்துக்குப் பெயர் வைத்தார்கள். மீனவர் சங்கச் செயலாளர் மாரப்பன் தலைமை. குளத்தங்கரையில் பந்தல், மைக், மைக்குக்கு ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் முரண்டு பிடித்ததால் அதைப் பார்த்துக்கொள்ளச் சிகாமணியைக் கூப்பிட்டிருந்தார்கள். 'சென்னியப்பன் தடம்' என்று கருங்கல்லில் வெட்டி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. லத்தீப்பும் ரெஜினா டீச்சரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாரப்பன் பொன்னாடை போர்த்தி, ஐயா இந்தக் குளத்துக்குச் செய்த நன்மையைப் பற்றிப் பேசினார், போன மாதம் எத்தனை கூடை மீன் என்று சொன்னார், பேசி முடித்து மைக்கை நீட்டினார்.

சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். பந்தலுக்கு அப்பால் தடம் தெரிந்தது. வெயிலில் ரெண்டு கோடும் பளபளவென்று, டயர்ப் பூவின் அச்சுகூடத் தெரிகிற மாதிரி. யாரும் தன்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வெட்கம் காலிலிருந்து ஏறி வந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். "ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு சக்கரத்தைத் தூக்க வேண்டியவன் நான். மாப்ள கைப்பிடியத் தொடுல. தொடாதீன்னு நாந்தான் சொன்னேன். தண்ணிகிட்ட வாரப்ப 'தூக்கியாச்சுங்களா மச்சான்'னு கேட்டான். 'ஆச்சு'ன்னு அவன் சொல்லவே இல்லை. 'ங்களா'ன்னு கேட்டான். எனக்கு நல்லாக் கேட்டுது. தலையாட்டுனேன். அப்பறம் அவன் மேல போட்டுட்டேன்."

 பின்வரிசையில் ஒருத்தர் கேட்டார், "என்னங்க சொல்றாரு?"

"சக்கரத்தைத் தூக்காமயே எறக்குனாராம்."

"தூக்கியிருந்தாத் தடம் எப்புடி உழுந்திருக்கும்?"

"அதானே. நல்ல வேளை, தூக்குல."

யாரோ கை தட்டினார்கள். ஊரே தட்டியது. மாரப்பன் பேச்சுக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். சென்னியப்பன் மைக்கைப் பிடித்தபடி, "அது இல்லீங்க, தப்பு என்னுதுங்க" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. மாரப்பன் அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கல்லின் மேலிருந்த துணியை விலக்க வைத்தார். அவ்வளவு கைத்தட்டலில் தட்டாமல் இருந்தவர்கள் ரெண்டு பேர். லத்தீப் தலையைக் குனிந்துகொண்டார். ரெஜினா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்து மீன் சாப்பாட்டுக்கு நகர்ந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் சிகாமணி நின்றிருந்தார். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு விவசாயி நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்து, ஏதோ நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார்: "ஏப்பா சிகாமணி, மாசியில போட்டுட்டுப் போனனே, எம்பட மோட்டாரு, அது ஆச்சா?"

"ஆச்சு" என்றார் சிகாமணி.

விவசாயி தலையாட்டிவிட்டு, நாளைக்கு வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

சென்னியப்பன் பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.  சிகாமணிதான் பேசினார், குளத்தைப் பார்த்தபடி.

"மூணு மாசமா வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆச்சான்னு சொன்னனா, ஆச்சுன்னு சொன்னனா, 'ங்க' போட்டனா, போடலியான்னு. போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும்."

"மாப்ளே..."

"போட்டிருக்கேன்" என்றார் சிகாமணி.

அவர் குனிந்து ஜெனரேட்டரை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் குளக்கரை முழுக்க அமைதியாக இருந்தது, எந்த வார்த்தையும் தப்பாகக் கேட்க வழியில்லாத அமைதி. சிகாமணி ஒயரை இடது கையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இருபத்தெட்டு வருஷமாகத் தரையில் "வாங்க, போங்க" என்று மட்டுமே கூப்பிட்ட மச்சானை நேராகப் பார்த்தார்.

"அக்கா ஊட்டுல காத்துக்கிட்டிருக்கும். கெளம்பு."

சென்னியப்பன் கிளம்பினார்.